ஏற்றுமதி ஆலோசனைக்குக் கொடுத்த பணம் வீண்போனதா? ஒரு மரப்பொம்மைப் பட்டறையின் 14 மாத அனுபவம்

முதல் நாள் எங்கள் பட்டறைக்கு வந்த ஆலோசகர் விலைப்பட்டியலைக் கேட்கவில்லை. மாதம் எத்தனை செய்வீர்கள் என்றும் கேட்கவில்லை. மேசைமேல் இருந்த இழுவை வண்டிப் பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு சின்ன உருளையை எடுத்து வைத்தார். வாய் அகலம் 31.7 மில்லிமீட்டர். அடி சாய்வாக இருந்தது. ஒரு பக்கம் ஆழம் 25.4, மறுபக்கம் 57.1.

"சார், இந்த வண்டியில ஒரு சக்கரத்தைக் கழட்டித் தர முடியுமா?" என்று என் தம்பியிடம் கேட்டார்.

தம்பி மரச்சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினான். சக்கரம் கையோடு வந்துவிட்டது. 28 மில்லிமீட்டர் சக்கரம். அதை உருளைக்குள் விட்டார். முழுதாக உள்ளே போய் அடங்கியது.

"உள்ள போயிடுச்சுன்னா இது சின்னப் பாகம். மூணு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்கான பொம்மையில இப்படி ஒரு பாகம் கழண்டு வரவே கூடாது. மேடம், உங்க அட்டைப்பெட்டியில 18 மாதம்னு போட்டிருக்கீங்க."

அந்த ஒரு நிமிடத்தில்தான் இந்த ஆலோசனைக் குழுவிடமே ஏற்றுமதி வேலையைக் கொடுப்பது என்று நான் முடிவு செய்தேன். அப்பா காலத்திலிருந்து கடைசல் வேலை செய்கிறோம். பட்டறையில் பதினான்கு பேர். எங்கள் பொம்மையை அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை, நாங்களும் பார்த்ததில்லை.

ஜெர்மனிக்கு எங்கள் மூன்றாவது சரக்கு போன மாதம் கிளம்பியது. எங்களைப் போலச் சின்ன அளவில் பொருள் செய்பவர்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள்: யாரைப் பிடித்தீர்கள், எவ்வளவு ஆனது, கொடுத்த காசுக்குத் தகுந்ததா என்று. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அவர்களுடைய குறைகளையும் இங்கே எழுதப்போகிறேன். ஒரே ஒரு வாடிக்கையாளரின் அனுபவத்தை வைத்து ஒரு சின்னக் குழுவின் பெயரைப் பொதுவில் நிறுத்துவது சரியாகப் படவில்லை. அவர்கள் மூன்று பேர். தலைமை ஆலோசகர் முன்பு ஒரு பெரிய கடைத்தொடருக்குக் குழந்தைப் பொருள் கொள்முதல் செய்தவர். இப்படி ஒருவரைத் தேடும்போது எதைப் பார்க்க வேண்டும், எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கக் கூடாது என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

இவர்களுக்கு முன்னால் வேறொருவரிடம் ஏமாந்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். "வாங்குபவர் பட்டியல்" என்று 400 முகவரிகள் விற்றார். கடிதம் போட்டோம். பாதிக்கு மேல் திரும்பி வந்தன. வந்த நான்கைந்து பதில்களும் "நாங்கள் பொம்மை விற்பதில்லை" என்று சொன்னவை. அதே ஆள் ஏழு நாளில் "சிஇ சான்றிதழ்" வாங்கித் தருகிறேன் என்றும் விலை பேசினார். நல்லவேளை, அதை வாங்கவில்லை. ஐரோப்பாவில் விற்கும் பொம்மையில் இருக்க வேண்டிய சிஇ குறி என்பது யாரோ நமக்குக் கொடுக்கிற சான்றிதழ் இல்லை. பொம்மையைப் பொறுத்தவரை, அங்கீகரிக்கப்பட்ட ஐரோப்பியத் தரநிலைகளை முழுதும் பின்பற்றிச் செய்திருந்தால், உற்பத்தியாளரே சோதித்து, ஆவணம் தயாரித்து, இணக்க அறிவிப்பில் கையெழுத்திட்டு, அந்தக் குறியைப் பதிக்கிறார். குறி குறைந்தது 5 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். பொம்மை சந்தைக்கு வந்த நாளிலிருந்து 10 ஆண்டுகள் அந்த ஆவணத்தைக் காப்பாற்றி வைக்க வேண்டும். கையெழுத்து நம்முடையது, பொறுப்பும் நம்முடையது. இதை முதல் கூட்டத்திலேயே ஆலோசகர் சொன்னபோது எனக்குப் பயமாக இருந்தது. இப்போது யோசித்தால், அந்தப் பயத்தை உண்டாக்கியதே அவர் செய்த முதல் நல்ல வேலை.

எந்த நாடு

எங்களுக்கு அமெரிக்கா மேல்தான் ஆசை. ஆங்கிலத்தில் பேசிவிடலாம், பெரிய சந்தை, அவ்வளவுதான் எங்கள் காரணம். அவர்கள் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு ஜெர்மனி என்று வந்தார்கள்.

இந்த இடத்தில் அவர்கள் செய்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஜெனிவாவில் உள்ள சர்வதேச வர்த்தக மையத்தின் டிரேட் மேப் தளத்தில் எந்த நாடு எதை எவ்வளவு இறக்குமதி செய்கிறது என்று பார்க்கலாம். இதை நானே முன்பு பார்த்து வைத்திருந்தேன். பொம்மைகளுக்கான சுங்க வகைப்பாட்டு எண்ணான 9503 என்ற எச்.எஸ். குறியீட்டுக்கு எதிரே அமெரிக்காவின் எண் மலைபோல இருந்ததால்தான் எனக்கு அந்த ஆசையே வந்தது. ஆலோசகர் அதை ஒரே கேள்வியில் உடைத்தார்: "இந்த எண்ணுக்குள்ள மரம் எவ்வளவு?" 2007 திருத்தத்துக்குப் பிறகு மூன்று சக்கர சைக்கிள், பொம்மைக் குழந்தை, பிளாஸ்டிக் கார், புதிர் எல்லாமே 9503 00 என்ற ஒரே ஆறு இலக்கக் குறியீட்டில்தான் அடங்குகின்றன. உலகம் முழுவதற்கும் பொதுவானது அந்த ஆறு இலக்கம்தான். அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு நீட்டிக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் எட்டு இலக்கத்தில் மரப் புதிருக்கு மட்டும் 9503 00 61 என்று தனியாக வைத்திருக்கிறது. அங்கே தேடினால்தான் நம் பொருளின் நிஜமான அளவு தெரியும். நான் பார்த்து மயங்கிய மலை முக்கால்வாசி பிளாஸ்டிக்காக இருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அமெரிக்காவில் 12 வயது வரையிலான குழந்தைகளின் பொருளுக்கு அவர்கள் ஏற்றுக்கொண்ட வெளி ஆய்வகத்தில் சோதிப்பது கட்டாயம், 2008-இல் வந்த சட்டம் அது. எங்களிடம் அப்போது முப்பத்தொரு பொருள்கள், ஒவ்வொன்றும் நான்கைந்து நிறத்தில். அந்தச் செலவைத் தாங்கும் அளவுக்கு முதல் ஆர்டர் வராது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஜெர்மனியில் மரப்பொம்மைக்கென்றே ஒரு பழைய மரியாதை இருக்கிறது. எர்ட்ஸ்கெபிர்கே மலைப்பகுதியில் சைஃபன் என்ற ஊரே கடைசல் பொம்மைக்குப் பேர்போனது. அப்படியானால் அங்கே எங்களுக்கு என்ன வேலை என்று தம்பி கேட்டான். "மரத்தோட மதிப்பு தெரிஞ்ச கடைக்காரர் அங்க இருக்கார். அவருக்கு நீங்க மரத்தை விளக்க வேண்டாம், உங்க வேலையை மட்டும் காட்டினா போதும்" என்றார் ஆலோசகர். போட்டி கடுமையாக இருக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னார், மறைக்கவில்லை.

இந்தக் கட்டத்தில் அவர்கள் தந்த எழுத்து அறிக்கை மட்டும் எனக்கு ஏமாற்றம்தான். எழுபது பக்கம். அதில் நாற்பது பக்கம் அந்த நாட்டின் மக்கள்தொகை, பொருளாதாரம், பணவீக்கம். யாரும் இலவசமாகத் தேடிப் படித்துக்கொள்ளக் கூடியவை. கடைசிப் பத்துப் பக்கம் மட்டும் பொன்னானது: கடைகளில் உள்ள மரப்பொம்மைகளின் அளவு, எடை, பெட்டி, வயதுக் குறிப்பு, சக்கரத்தின் விட்டம் வரை அளந்து போட்ட பட்டியல். இன்னொருவர் இப்படி அறிக்கை தர வந்தால், "அந்தப் பத்துப் பக்கம் மட்டும் போதும், விலையைக் குறையுங்கள்" என்று கேளுங்கள்.

மஞ்சள்

அடுத்தது சோதனை. நான் எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

பொம்மைகளுக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 71. அதன் முதல் பகுதி பொம்மையின் உடல் பலத்தைப் பார்க்கிறது. 850 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து எஃகுத் தகட்டின்மேல் ஐந்து முறை போடுவார்கள். சக்கரத்தைப் பிடித்து 90 நியூட்டன் விசையில், அதாவது கிட்டத்தட்ட ஒன்பது கிலோ தொங்குகிற இழுப்பில், பத்து வினாடி இழுப்பார்கள். இரண்டாம் பகுதி தீப்பற்றுவது. மூன்றாம் பகுதி, குழந்தை வாயில் வைத்தால் சாயத்திலிருந்து என்னென்ன கசியும் என்பது. ஈயம், காட்மியம், குரோமியம் என்று 19 தனிமங்களுக்கு வரம்பு உண்டு.

நாங்கள் முழுப் பொம்மையையும் ஆய்வகத்துக்கு அனுப்பத் தயாராக இருந்தோம். ஆலோசகர் தடுத்தார். முதலில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக ஒரு மரத்துண்டில் பூசி, காயவிட்டு, அதை மட்டும் அனுப்பச் சொன்னார். பொம்மை தேறாமல் போனால் எந்த நிறத்தால் என்று தேட வேண்டியிருக்கும், நிறம் நிறமாகப் போனால் செலவும் குறைவு, பதிலும் தெளிவு என்றார். ஐந்து நிறங்கள் போயின. நான்கு தேறின.

மஞ்சள் தேறவில்லை. ஈயம்.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அந்த மஞ்சளை ஒன்பது ஆண்டுகளாக வாங்குகிறோம். அடுக்கு வளையத்தில் நடு வளையம் மஞ்சள். குழந்தைகள் முதலில் வாயில் வைப்பது அந்த வளையத்தைத்தான். என் தம்பி மகளே அதைக் கடித்து வளர்ந்தவள். சாயம் விற்றவர் "பொம்மைக்கு ஏற்றது" என்று சொன்னதை நம்பினோம், தாள் கேட்கவில்லை.

ஆலோசகர் அன்று பேசியதை மறக்க மாட்டேன். வெளிநாட்டுக்கு வேறு சாயம், இங்கே பழைய சாயம் என்று சிலர் செய்வார்கள், அப்படியானால் தன்னைத் தேட வேண்டாம் என்றார். அதற்கு அவசியமே இருக்கவில்லை. அன்றே மஞ்சள் டப்பாக்களை ஒதுக்கி மூடினோம். கடைகளில் இருந்த மஞ்சள் வளையங்களைத் திரும்ப எடுத்தோம். அந்த மாதம் எங்களுக்கு நஷ்டம்தான். எனக்கு அந்த நஷ்டத்தில் ஒரு வருத்தமும் இல்லை. ஒன்பது ஆண்டுகள் பற்றித்தான் வருத்தம்.

இந்தச் சேவைக்கு நான் கொடுத்த கட்டணம் எங்கள் இரண்டு மாதச் சம்பளப் பட்டுவாடாவுக்குச் சமம். ஒரு ஆர்டர்கூட வராமல் போயிருந்தாலும் அந்த ஒரு தாளுக்காகவே அதைக் கொடுத்திருப்பேன்.

சக்கரத்தை 28-இலிருந்து 40 மில்லிமீட்டராக மாற்றினோம். அச்சுக்குக் குறுக்கே ஒரு முளை அடித்துப் பூட்டினோம். மூத்த தச்சர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, வண்டியின் அழகு கெடுகிறது என்றார். பெரிய சக்கரத்தில் வண்டியைப் பார்த்த பிறகு, உடம்பையும் கொஞ்சம் நீட்டி அவரே புதிதாக வரைந்து கொடுத்தார். இப்போது அதிகம் போவது அந்த வண்டிதான்.

மரத்தின் ஈரமும் ஒரு பிரச்சினையானது. நாங்கள் 12 சதவீதம் வரை காயவைப்போம், அதுவே நல்ல காய்ச்சல் என்று நினைத்திருந்தோம். குளிர்காலத்தில் அங்கே வீட்டுக்குள் சூடேற்றுவார்கள், காற்று வறண்டுபோகும். மாதிரிக்கு அனுப்பிய வண்டிகளில் இரண்டில் ஜனவரி மாதம் அச்சு ஆட்டம் கண்டது. மரம் அங்கே போய் இன்னும் சுருங்கியிருக்கிறது. இப்போது 8 சதவீதத்துக்கு இறக்கிவிட்டுத்தான் கடைகிறோம். ஈரமானி இல்லாமல் ஒரு பலகைகூட இயந்திரத்தில் ஏறுவதில்லை.

விலை

எங்கள் செலவோடு லாபம் சேர்த்து விலை சொல்வதுதான் எங்களுக்குத் தெரிந்த முறை. அவர்கள் கடை அலமாரியிலிருந்து பின்னோக்கி வரச் சொன்னார்கள். அலமாரியில் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 19 சதவீத மதிப்புக்கூட்டு வரி அடங்கியிருக்கிறது, கழித்தால் 84. கடைக்காரர் பாதி எடுத்தால் 42. இறக்குமதியாளர் கிடங்கு, விற்பனை ஆள், லாபம் எல்லாம் போக எங்கள் விஷயத்தில் 25 சுற்றி நின்றது. கப்பல், சுங்கம், காப்பீடு போய் எங்கள் வாசலில் 20. அந்த இருபதுக்குள் செய்ய முடியாத பொருள்களை அவர்களே பட்டியலிலிருந்து அடித்தார்கள். முப்பத்தொன்று பதினொன்றானது. அடிபட்டவற்றில் அப்பா வடிவமைத்த குதிரையும் ஒன்று. மனம் வரவில்லை. ஆனால் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பெட்டியிலும் கை வைத்தார்கள். முழுக் கன்டெய்னரை நிரப்பாத பகுதிச் சரக்காகக் கப்பலில் போகும்போது கன மீட்டருக்கோ டன்னுக்கோ, எது அதிகமோ அதற்குத்தான் வாடகை. மரப்பொம்மைப் பெட்டியில் பாதி காற்றுதான் இருந்தது. வண்டியைப் படுக்கவைத்து, அடி 400-க்கு 300 மில்லிமீட்டர் உள்ள அட்டைப்பெட்டிக்கு மாற்றினோம். 1200-க்கு 800 அளவுள்ள ஐரோப்பியப் பலகைத் தட்டில் ஒரு அடுக்குக்கு எட்டுப் பெட்டி ஒரு விரல் இடைவெளியும் இல்லாமல் உட்காரும். ஒரு பெட்டியில் 12 போனது 20 ஆனது.

கண்காட்சி

ஜெர்மனியின் நியூரம்பர்க் பொம்மைக் கண்காட்சி 1950 முதல் நடக்கிறது. வியாபாரிகளுக்கு மட்டும்தான் அனுமதி. முதல் வருடம் கடை போடாதீர்கள், பார்வையாளராகப் போங்கள் என்றார்கள். தம்பிக்குக் கோபம். அவ்வளவு தூரம் போய் வெறுங்கையோடு சுற்றுவதா என்றான். மூன்று நாள் நடந்தோம். கொள்முதல் செய்கிறவர்கள் மரப்பொம்மையைக் கையில் எடுத்ததும் என்ன செய்கிறார்கள் என்று ஆலோசகர் கவனிக்கச் சொல்லியிருந்தார். நிறையப் பேர் முகர்ந்து பார்த்தார்கள்! விலை கேட்பதற்கு முன், திருப்பிப் பார்ப்பதற்கு முன், மூக்குக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் மெருகெண்ணெயின் வாசனை கொஞ்சம் காட்டமானது. ஊர் திரும்பியதும் அதையும் மாற்றினோம். கடை போட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தால் இதைப் பார்த்திருக்க மாட்டேன்.

எங்கள் இறக்குமதியாளரை அந்த நடையில்தான் சந்தித்தோம். அறிமுகம் ஆலோசகருடையது. ஆனால் ஆர்டரை வாங்கித் தந்தது எங்கள் பையில் இருந்த ஆய்வக அறிக்கைகள். அவர் பொம்மையைப் பார்த்ததைவிட அதிக நேரம் அவற்றைத்தான் படித்தார்.

ஒப்பந்தம்

அவர் மூன்று விஷயம் கேட்டார். நாங்கள் தனியாக இருந்திருந்தால் மூன்றுக்கும் தலையாட்டியிருப்போம்.

ஒன்று, டிடிபி முறையில் அவர் கிடங்கு வாசலில் எல்லா வரியும் கட்டிக் கொண்டுவந்து தர வேண்டும். கேட்க மரியாதையான வேண்டுகோள். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நிறுவனம் இல்லாத எங்களால் பொதுவாக எங்கள் பெயரில் நேரடியாக இறக்குமதி அறிவிப்புக் கொடுக்க முடியாது. அங்கே நமக்காகத் தன் பெயரில் அறிவிப்புக் கொடுக்கும் ஒரு மறைமுகப் பிரதிநிதி வேண்டும், இறக்குமதி வரி எங்கள் தலையில் விழும். அதோடு ஜெர்மனியின் பேக்கேஜிங் சட்டப்படி, எல்லை தாண்டும்போது சரக்குக்குச் சட்டப் பொறுப்பு யாருடையதோ அவர்தான் லூசிட் என்ற பதிவேட்டில் பதிந்து மறுசுழற்சிக் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு மூன்றெழுத்துச் சொல்லுக்குள் இவ்வளவு இருக்கிறது. விற்பவர், வாங்குபவர் பொறுப்பைப் பிரிக்கும் இப்படிப்பட்ட சொற்களின் பட்டியலான இன்கோடெர்ம்ஸ் 2020-இல் 11 சொற்கள் உள்ளன. ஆலோசகர் எங்களுக்கு நான்கைத்தான் சொல்லிக்கொடுத்தார், நன்றாகச் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் பழக்கத்தில் எழுதும் எஃப்ஓபி, கப்பலில் ஏற்றும்வரை பொறுப்பை நம்மிடம் வைக்கிறது. கன்டெய்னர் சரக்கை நாம் முனையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்துவிடுகிறோம். அதன்பின் கப்பலில் ஏறும்வரை நடப்பது நம் கையில் இல்லை. எஃப்சிஏ என்று எழுதினால் ஒப்படைத்த இடத்தோடு பொறுப்பு மாறுகிறது. அப்படியே எழுதினோம்.

இரண்டு, ஐந்து ஆண்டுக்கு நாடு முழுவதும் ஏக விநியோக உரிமை. ஆண்டுக்கு இவ்வளவு எடுத்தால்தான் உரிமை நீடிக்கும் என்று ஒரு குறைந்தபட்ச அளவைச் சேர்த்து, இரண்டு ஆண்டாகக் குறைத்தார்கள். அவரை விநியோகஸ்தர் என்று எழுதுகிறோமா, ஏஜென்ட் என்று எழுதுகிறோமா என்பதையும் கவனிக்கச் சொன்னார்கள். கமிஷன் ஏஜென்ட்டை விலக்கினால் ஜெர்மன் வணிகச் சட்டத்தின் 89பி பிரிவில் ஒரு ஆண்டின் சராசரிக் கமிஷன் வரை ஈட்டுத்தொகை கேட்க வழி இருக்கிறது.

மூன்று, 60 நாள் கடன். முதல் இரண்டு சரக்குக்கும் 30 சதவீதம் முன்பணம், மீதி ஆவண நகல் பார்த்ததும் என்று முடிந்தது. ஆவணங்கள் சரியாக இருந்தால் வாங்குபவரின் வங்கியே பணம் தரும் எல்.சி. பற்றி நான் கேட்டேன். வங்கி பார்ப்பது காகிதத்தைத்தான், சரக்கை இல்லை. ஒரு எழுத்து மாறினாலும் முரண்பாடு என்று கட்டணம் பிடிப்பார்கள், இவ்வளவு சின்ன ஆர்டருக்கு அந்தச் செலவு தாங்காது என்றார்கள். சரியான யோசனை.

குறைகள்

இனி அவர்கள் தவறிய இடங்கள்.

பெட்டியின் வாசகத்தை ஜெர்மன் மொழிக்கு மாற்ற அவர்கள் வெளி ஆளிடம் கொடுத்தார்கள், திரும்ப வந்ததைச் சரிபார்க்கவில்லை. எங்கள் பழைய பெட்டியில் ஆங்கிலத்தில் பெரிதாக "கிஃப்ட் செட்" என்று இருக்கும். அந்த ஒரு வரியை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டார்கள். ஜெர்மனில் கிஃப்ட் என்றால் விஷம். குழந்தைப் பொம்மைப் பெட்டியில் விஷம் என்று எழுதி அனுப்ப இருந்தோம். இறக்குமதியாளர் அச்சுக்கு முன் கண்டுபிடித்தார்.

அடுத்தது இதைவிடப் பெரிது. மூன்று வயதுக்குக் கீழே கூடாது என்று காட்டும் சிவப்பு வட்டக் குறியை அவர்கள் தயாரித்த லேபிள் வரைவில் எல்லாப் பெட்டிக்கும் போட்டுவிட்டார்கள், 18 மாத இழுவை வண்டிக்கும் சேர்த்து. சின்னக் குழந்தைக்கென்றே செய்த பொம்மையில் அந்தக் குறியைப் போடக் கூடாது. எச்சரிக்கையைப் போட்டுச் சோதனையிலிருந்து தப்பிக்க முடியாது என்பதுதான் சட்டமே. முதல் நாள் உருளையோடு வந்து எங்களுக்குப் பாடம் சொன்னவர்களே இந்தத் தவறைச் செய்தார்கள் என்பது எனக்கு நிஜமாகவே வலித்தது. ஆய்வகத்தில் இருந்தவர்தான் பிடித்தார். மன்னிப்புக் கேட்டார்கள், மறு அச்சுச் செலவில் பாதியை ஏற்றார்கள். முழுவதையும் ஏற்றிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆர்டர் உறுதியான பிறகு அவர்கள் வேகம் குறைந்தது. சரக்கனுப்பும் வேலையை ஒரு ஃபார்வர்டரிடம் சேர்த்துவிட்டு ஒதுங்கினார்கள். பெட்டிகளை அடுக்கும் மரத் தட்டுகளை 56 டிகிரி வெப்பம் நடுமரம்வரை ஏறி 30 நிமிடம் நிற்கும்படி சூடாக்கி, எச்.டி. முத்திரை குத்தியிருக்க வேண்டும்; மரத்தின் வழியே பூச்சி பரவாமல் தடுக்கும் ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதி அது. எங்களுக்கு வந்த தட்டுகளில் ஆறில் முத்திரை மங்கி, படிக்க முடியாமல் இருந்தது. மாற்றித் தரச் சொல்லி இரண்டு நாள் அலைந்தோம், அதில் ஒரு கப்பலைத் தவறவிட்டோம். அந்த இரண்டு நாளும் ஆலோசகர் தொலைபேசியை எடுக்கவில்லை. வேறொரு வாடிக்கையாளரோடு பயணத்தில் இருந்தாராம். மூன்று பேர் குழு என்றால் இப்படித்தான் நடக்கும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கமிஷன் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களுடைய முதல் ஒப்பந்தத்தில், அவர்கள் அறிமுகப்படுத்தியவருக்கு நாங்கள் மூன்று ஆண்டுகள் விற்கும் எல்லாவற்றிலும் பங்கு என்று இருந்தது. முதல் இரண்டு ஆர்டருக்கு மட்டும் என்று நாங்கள் கேட்டோம், ஒத்துக்கொண்டார்கள். கேட்காமல் இருந்திருந்தால் மூன்றாவது சரக்கிலும் கொடுத்துக்கொண்டிருப்போம்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. பொருளைத் தயார் செய்த வேலைக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து.

உங்கள் பொருள் ஏற்கெனவே அந்த நாட்டின் விதிகளுக்குள் இருந்து, வாங்குபவர் மட்டும்தான் வேண்டும் என்றால் இவர்களைப் போன்றவர்கள் உங்களுக்குத் தேவையில்லை. இரண்டு கண்காட்சிக்குக் காலால் நடந்தால் போதும். எங்களைப் போல, நம் பொருளில் என்ன கோளாறு என்றே தெரியாமல் இருப்பவர்கள்தான் போக வேண்டும். போகும்போது முதல் சந்திப்பில் அவர்கள் எதைக் கையில் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். மடிக்கணினியைத் திறந்து படம் காட்டினால் யோசியுங்கள்.

முதல் சந்திப்பிலிருந்து முதல் சரக்கு கிளம்ப 14 மாதம் ஆனது. ஆறு மாதம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தோம். தாமதத்தில் பாதி எங்களால், மஞ்சளால், சக்கரத்தால், மீதி லேபிளால்.

அமெரிக்காவுக்கும் போகலாம் என்று இப்போது பேச்சு வந்திருக்கிறது. பதினொரு பொருளில் நான்கை மட்டும் எடுத்து, அந்த நாட்டுத் தரநிலைப்படி சோதனைக்குத் தயார் செய்யும் வேலையை இதே ஆலோசகரிடம் கொடுத்திருக்கிறோம். லேபிள் வேலையைக் கொடுக்கவில்லை. புதிய மஞ்சள் ஒன்றும் கண்டுபிடித்திருக்கிறோம், இந்த முறை தாளோடு வந்த மஞ்சள். இருந்தாலும் ஒரு மரத்துண்டில் பூசி ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். பதில் வரும்வரை நடு வளையம் வெறும் மரமாகவே போகிறது.